ரேகை வைக்க மாட்டோம் என்று சொன்ன ஊர்

1920 ஏப்ரல் 3, சனிக்கிழமை. மதுரைக்கு மேற்கே, உசிலம்பட்டியிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் பெருங்காமநல்லூரைப் போலீஸ் படை வளைத்துக்கொண்டது. அந்த ஊர்க்காரர்கள் யாரையும் கொன்றுவிட்டு ஒளிந்திருக்கவில்லை. எங்கேயும் கொள்ளையடித்துவிட்டு வரவில்லை. அதிகாரிகள் கொண்டுவந்த பதிவேட்டில் கைரேகை வைக்க மாட்டோம் என்று சொல்லியிருந்தார்கள். அதற்குத்தான் அத்தனை துப்பாக்கிகள்.

வாக்குவாதம் முற்றியது, கூட்டம் திரண்டது, சுட்டார்கள். 16 பேர் செத்தார்கள். அதில் ஒருவர் மாயக்காள். குண்டடிபட்டுக் கிடந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கப் போன பெண். அவரையும் விடவில்லை. பிடிபட்டவர்களைச் சங்கிலியில் பிணைத்துத் திருமங்கலம் வரைக்கும் நடத்திக்கொண்டு போனார்கள் என்று எங்கள் பக்கத்தில் இன்றைக்கும் சொல்வார்கள். ஜாலியன்வாலாபாக் நடந்து அப்போது ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. அதைப் பற்றி நாடே பேசிக்கொண்டிருந்தது. பெருங்காமநல்லூரைப் பற்றிப் பேச ரொம்ப காலம் ஆனது. செத்தவர்கள் பிரமலைக் கள்ளர்கள், 'குற்றப் பரம்பரை' என்று ஏற்கெனவே கெஜட்டில் ஏறியிருந்தவர்கள். அப்படிப்பட்டவர்களைச் சுட்டால் அது போலீஸ் வேலைதானே என்று படித்தவர்களே நினைத்த காலம்.

என் அம்மாவின் ஊர் அங்கிருந்து தூரமில்லை. இந்தக் கதையைச் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவன் நான். ஆனால் கேட்டதெல்லாம் துப்பாக்கிச் சூட்டின் கதை. அந்தப் பதிவேட்டில் அப்படி என்ன இருந்தது, உயிரே போனாலும் விரலை நீட்ட மாட்டேன் என்று ஒரு ஊர் ஏன் சொன்னது என்பதை யாரும் விளக்கிச் சொன்னதில்லை. நானே தேடிப் படிக்க ஆரம்பித்த பிறகுதான் விஷயம் பிடிபட்டது.

குற்றப் பரம்பரைச் சட்டம் முதலில் வந்தது 1871-ல். அப்போது அது வட இந்தியாவின் சில பகுதிகளுக்கு மட்டும். 1911-ல் திருத்தி எழுதியபோது சென்னை மாகாணத்துக்கும் நீண்டது. சட்டத்தின் அமைப்பு ரொம்ப எளிது. ஒரு சாதியோ கூட்டமோ வழக்கமாகக் குற்றம் செய்கிறது என்று மாகாண அரசு நினைத்தால் கெஜட்டில் ஒரு அறிவிப்புப் போட்டால் போதும். அந்த அறிவிப்பு செல்லுமா செல்லாதா என்று எந்த நீதிமன்றமும் கேட்கக் கூடாது, அதையும் சட்டத்துக்குள்ளேயே எழுதி வைத்துக்கொண்டார்கள். அப்புறம் பதிவேடு திறப்பார்கள். அதில் பேர் ஏறிய ஆளின் ரேகையை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். அவர் சொன்ன நேரத்துக்கு ஆஜராக வேண்டும். எங்கே குடியிருக்கிறார், எங்கே போகப் போகிறார் என்று தெரிவித்துக்கொண்டே இருக்க வேண்டும். தவறினால் ஜெயில். பழைய தண்டனை உள்ளவர் சில வகைக் குற்றங்களில் மறுபடி மாட்டினால் குறைந்தது 7 வருஷம். மூன்றாவது முறை என்றால் ஆயுளுக்கும் நாடு கடத்தல். பெற்றோரிடமிருந்து பிள்ளைகளைப் பிரித்துச் 'சீர்திருத்த'ப் பள்ளியில் போடவும் அதிகாரம் இருந்தது.

கைரேகை அப்போது புதுசு. கல்கத்தாவில் 1897-ல்தான் அதற்கென்று ஒரு அலுவலகமே தொடங்கினார்கள். லட்சக்கணக்கான ரேகைகளை வகைபிரித்து அடுக்குகிற கணக்கைப் போட்டுக் கொடுத்தவர்கள் அஜீஸுல் ஹக், ஹேம சந்திர போஸ் என்ற இரண்டு இந்தியர்கள். பெயர் என்னவோ மேலதிகாரி எட்வர்ட் ஹென்றிக்குத்தான் போனது. குற்றம் செய்தவரின் விரலைப் பதிந்து வைத்தால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. பெருங்காமநல்லூரில் கேட்டது, இன்னும் எந்தக் குற்றமும் செய்யாதவர்களின் விரலை.

மதுரைப் பக்கம் சட்டம் முதலில் இறங்கியது 1914-ல், நாகமலை அடிவாரத்துக் கீழக்குயில்குடியில். அடுத்தடுத்த வருஷங்களில் இன்னும் சில ஊர்கள். 1918-ல் மதுரை மாவட்டத்துப் பிரமலைக் கள்ளர்கள் மொத்தப் பேர் மீதும் விழுந்தது. ஆகவே பெருங்காமநல்லூருக்கு அதிகாரிகள் போய்ச் சேர்ந்தபோது ரேகை வைத்தால் என்ன நடக்கும் என்பது அந்த ஊருக்குப் புதிய செய்தி இல்லை. பக்கத்து ஊர்களில் கண்ணால் பார்த்திருந்தார்கள்.

பார்த்தது என்ன? ராத்திரி பறிபோனதைப் பார்த்தார்கள்.

அம்மாச்சி சொல்லித்தான் இதில் பாதி எனக்குத் தெரியும். அவருடைய அப்பா பேர் பதிவேட்டில் இருந்தது. பொழுது சாய்ந்ததும் கஞ்சியைக் குடித்துவிட்டு, ஒரு துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு சாவடிக்குப் போய்விடுவாராம். ஊர் ஆம்பளைகள் அத்தனை பேரும் அங்கேதான் வரிசையாகப் படுக்க வேண்டும். நடுச்சாமத்தில் எழுப்பிப் பேர் கூப்பிடுவார்கள். 'இருக்கேன் சாமி' என்று குரல் கொடுக்க வேண்டும். அசந்து தூங்கிக் குரல் வராவிட்டாலும் வழக்குத்தான். கல்யாணம் முடிந்த அன்றைக்கும் மாப்பிள்ளை சாவடியில்தான் படுக்க வேண்டும். வீட்டில் பொண்டாட்டிக்கு இடுப்பு வலி கண்டிருக்கும், புருஷன் சாவடியில் கிடப்பார். "ஊர்ல பொம்பளைகளும் நாய்களும்தான்டா ராத்திரி காவல்" என்பார் அம்மாச்சி. இதைச் சொல்லும்போது அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

நிலத்துக்காரருக்கு ராத்திரி என்பது தூங்குகிற நேரம் மட்டும் இல்லை. கமலைக் கிணற்றில் முறைத் தண்ணீர் நடுராத்திரி வரும். கதிர் முற்றினால் பரணில் கிடந்து காவல் காக்க வேண்டும். சந்தைக்குப் போகிற வண்டி முதல் கோழி கூவும் முன்பே கிளம்பும். ராத்திரியைப் பிடுங்கினால் வெள்ளாமையில் பாதியைப் பிடுங்கியது போலத்தான். வெளியூருக்குப் போக வேண்டுமென்றால் ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். எந்த ஊருக்கு, என்ன காரியத்துக்கு, எத்தனை நாள் என்று எழுதி வாங்கி, போகிற ஊரில் காட்டி, திரும்பி வந்து ஒப்படைக்க வேண்டும். எழவு வீட்டுக்குப் போகவும் சீட்டு. சீட்டு எழுதுகிறவருக்கு மனம் இல்லையென்றால் எழவு முடிந்து கருமாதியும் முடிந்துவிடும். சீட்டு எழுதும் கைக்கும், பேர் கூப்பிடும் கைக்கும் கோழியும் முட்டையும் போய்க்கொண்டே இருந்தன. பிடிக்காத ஆளை ஜெயிலுக்கு அனுப்ப ஒரு ராத்திரி பேரைக் கொஞ்சம் மெதுவாகக் கூப்பிட்டால் போதும்.

இதையெல்லாம் படிக்கும்போது கொதிக்கிறது. ஆனால் கொதிப்போடு நிறுத்திக்கொண்டால் கதை பாதிதான். களவே நடக்கவில்லை, எல்லாம் வெள்ளைக்காரன் கட்டியது என்று எங்கள் பக்கத்து மேடைகளில் முழங்குகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

கள்ளர் நாடு, எட்டு நாடும் 24 உபகிராமமும் கொண்ட அமைப்பு. அதன் ஆட்கள் சுற்றுவட்டார ஊர்களுக்குக் காவல் பார்த்தார்கள். காவலுக்கு அறுவடையில் பங்கு, பணம், ஆடு என்று கூலி உண்டு. காவல்காரர் இருக்கும் ஊரில் களவு போனால் அவர் பொறுப்பு. கண்டுபிடித்துத் தர வேண்டும், இல்லையென்றால் ஈடு கட்ட வேண்டும். போலீஸ் என்று ஒன்று வருவதற்கு முன் இது ஒரு முறையான ஏற்பாடு. கம்பெனி ஆட்சி வந்ததும் காவலுரிமையை ரத்து செய்தது. உரிமை காகிதத்தில் போனது, வயிறு போகவில்லை. காவல் கூலியைத் தொடர்ந்து கேட்டார்கள். கொடுக்காத ஊரில் களவு நடந்தது.

அப்புறம் துப்புக்கூலி. உழவு மாடு ஒரு ராத்திரி காணாமல் போகும். பறிகொடுத்தவர் போலீசுக்குப் போக மாட்டார், போய்ப் புண்ணியமும் இல்லை. விவரம் தெரிந்த ஆள் ஒருவரிடம் போய் நிற்பார். "விசாரிச்சுப் பார்க்கிறேன்" என்பார் அவர். தொகை பேசி முடிப்பார்கள். பணம் கை மாறிய ஓரிரு நாளில் மாடு ஏதோ ஒரு ஓடைக்கரையில் கருவேல மரத்தில் கட்டிக் கிடக்கும். இதில் அடி வாங்கியவர் ஜமீன்தாரோ வெள்ளைக்காரத் துரையோ இல்லை, ஒரு ஜோடி மாட்டை வைத்துப் பிழைத்த இன்னொரு சம்சாரி. அவருடைய அழுகையும் இந்த வரலாற்றில் சேர வேண்டும்.

1896-ல் அந்தச் சம்சாரிகள் எழுந்தார்கள். திண்டுக்கல் பக்கம் அம்மையப்பக் கோன் என்பவர் முன்னால் நின்றார். ஊருக்கு ஊர் நிதி திரட்டினார்கள், அதைப் பண்டு என்றார்கள். கள்ளர் காவல் வேண்டாம், எங்கள் காவலாளை நாங்களே வைத்துக்கொள்கிறோம், களவு போன மாட்டுக்குப் பண்டிலிருந்து ஈடு தருகிறோம் என்பது ஏற்பாடு. அதுவரைக்கும் நியாயம்தான். ஆனால் அது அதோடு நிற்கவில்லை. கள்ளர் குடும்பங்களை ஊர்களிலிருந்து விரட்டினார்கள், வீடுகளுக்குத் தீ வைத்தார்கள். களவே செய்யாதவர்களும் ஓடினார்கள். பண்டுக் கலகம் என்று அதற்குப் பெயர்.

இதே காலத்தில் இன்னொன்றும் நடந்தது. 1895 அக்டோபரில் பெரியாறு அணை திறந்தது. மலைக்கு அந்தப்பக்கம் ஓடிய தண்ணீர் சுரங்கம் வழியாக வைகைக்கு வந்து, மதுரைக்குக் கிழக்கே மேலூர் வரைக்கும் பாய்ந்தது. மேலூர்க் கள்ளர்களும் ஒரு காலத்தில் கம்பெனிப் படையோடு மோதியவர்கள். 1755-ல் கர்னல் ஹெரான் கோயில்குடியிலிருந்து சாமி சிலைகளைத் தூக்கிக்கொண்டு போனபோது, நத்தம் கணவாயில் மறித்து மீட்டவர்கள் அந்தப் பக்கத்துக் கள்ளர்கள்தான். அதற்குப் பழிவாங்குவது போல, பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்குள் கம்பெனிப் படை மேலூர் நாட்டில் ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றது. அப்படிப்பட்ட நாட்டில் வாய்க்கால் வந்ததும் நெல் விளைந்தது. அரசு அவர்களைப் பார்த்த பார்வையும் மெல்ல மாறியது. உசிலம்பட்டி மேட்டு நிலம். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவு. அந்தத் தண்ணீர் இங்கே ஏறவில்லை. வைகை அணையிலிருந்து 58 கிராமக் கால்வாய் வேண்டும் என்று எங்கள் ஆட்கள் சுதந்திரம் வந்த பிறகும் தலைமுறைக் கணக்கில் போராட வேண்டியிருந்தது. ஒரே பெயர்கொண்ட சாதி, ஒரே மாவட்டம். ஒரு பக்கம் தண்ணீர் போனது, இன்னொரு பக்கம் போலீஸ் போனது. பரம்பரைக் குற்றம், ரத்தத்தில் ஊறிய களவு என்று எழுதிய அதிகாரிகளுக்கு இந்த வித்தியாசம் ஒன்றே பதில் சொல்லியிருக்கும், அவர்கள் கேட்டிருந்தால்.

காவலை ரத்து செய்தார்கள், மாற்று வேலை தரவில்லை. களவு நடந்ததா, நடந்தது. அதைத் தண்டிக்க இந்தியத் தண்டனைச் சட்டம் 1860-லிருந்தே இருந்தது. திருடியவரைப் பிடி, சாட்சி வை, தண்டனை கொடு என்றால் யாரும் மறுத்திருக்க மாட்டார்கள். ரேகைச் சட்டம் அந்தச் சிரமத்தை எடுத்துக்கொள்ளவில்லை. யார் திருடினார் என்று கண்டுபிடிப்பதற்குப் பதிலாக எல்லோரையும் சாவடியில் படுக்க வைத்தது. பெருங்காமநல்லூர் மறுத்தது இதைத்தான். களவு செய்யும் உரிமையைக் கேட்டு யாரும் அங்கே சாகவில்லை.

இனி நான் சொல்ல நினைப்பது, எங்கள் பக்கத்தில் சொன்னால் சிலருக்குக் கசக்கும்.

சென்னை மாகாணத்தில் இந்தச் சட்டம் கள்ளர், மறவர் மீது மட்டும் பாயவில்லை. குறவர், வலையர், தொட்டிய நாயக்கர், வேப்பூர்ப் பறையர், ஜோகி, தொம்பர் என்று பட்டியல் நீளம். இதில் அதிகமாக நொறுங்கியவர்கள் குறவர்கள் என்பது என் எண்ணம். அவர்களுக்குக் காவல் பாத்தியதையும் இல்லை, ஊருக்கு ஊர் சொந்தபந்தமும் நிலமும் கொண்ட நாட்டு அமைப்பும் இல்லை.

கழுதை மீதும் மாட்டின் மீதும் உப்பு மூட்டை ஏற்றிக் கடற்கரையிலிருந்து உள்நாட்டுக்குக் கொண்டுபோய், திரும்பும்போது தானியம் கொண்டுவந்து விற்றவர்கள் அவர்கள். சாலை இல்லாத ஊருக்கும் உப்பு போனது அவர்களால்தான். உப்பை அரசு தன் ஏகபோகமாக்கியது. 1856-ல் சென்னையிலிருந்து ஆற்காட்டுப் பக்கம் ரயில் ஓட ஆரம்பித்தது, அப்புறம் தண்டவாளம் போன திசையெல்லாம் பொதி மாட்டுக்கு வேலை போனது. தாது வருஷப் பஞ்சம், 1876 முதல் 1878 வரை, மிச்சமிருந்த மாடுகளையும் கொண்டுபோனது. சரி, கூடை முடைந்து பிழைக்கலாம் என்றால் 1882-ல் வனச் சட்டம் வந்து, மூங்கில் வெட்டினாலும் ஈச்ச ஓலை அறுத்தாலும் குற்றம் என்றது. முப்பது வருஷத்துக்குள் ஒரு சமூகத்தின் எல்லாத் தொழிலையும் அரசே அடைத்துவிட்டு, இவர்கள் வேலைவெட்டி இல்லாமல் ஊர் சுற்றுகிறார்கள், ஆகவே திருடர்கள் என்று கெஜட்டில் போட்டது.

அவர்களுக்கு வைத்திருந்த மருந்து செட்டில்மென்ட். குண்டூர் மாவட்டத்தில் ஸ்டூவர்ட்புரம், தென்னார்க்காட்டில் அஜீஸ் நகர் என்று வேலியிட்ட குடியிருப்புகள். ஸ்டூவர்ட்புரத்துக்கு ஆளுநரின் நிர்வாக சபையில் இருந்த ஹெரால்ட் ஸ்டூவர்ட்டின் பெயர். நடத்தியது இரட்சணிய சேனை என்ற கிறிஸ்தவ அமைப்பு. எருகுலர் என்று ஆந்திரத்தில் அழைக்கப்பட்ட குறவர் குடும்பங்களை அங்கே கொண்டுபோய் வைத்தார்கள். காலையும் மாலையும் ஆஜர், வெளியே போகச் சீட்டு. பக்கத்துச் சீராலாவில் புகையிலைக் கம்பெனிக்கு ஆள் வேண்டியிருந்தபோது செட்டில்மென்ட்டிலிருந்து ஆண்களும் பெண்களும் போனார்கள். ஓடிப்போனால் வாரண்ட் இல்லாமலே பிடித்து வரலாம் என்ற நிலையில் உள்ள ஆள் எந்தக் கூலியை மறுக்க முடியும்? ஆலைக்காரர்களுக்கும் இது வசதி, அரசுக்கும் வசதி. சீர்திருத்தம் என்று அறிக்கையில் எழுதிக்கொண்டார்கள்.

அவர்களும் எதிர்த்தார்கள். செட்டில்மென்ட்டிலிருந்து தப்பி ஓடினார்கள், பிடித்து வந்தால் மறுபடி ஓடினார்கள். பேர் மாற்றிச் சொன்னார்கள், சாதி மாற்றிச் சொன்னார்கள். அரசுக் கோப்பில் இதெல்லாம் 'தலைமறைவு', 'பொய்த் தகவல்' என்றுதான் இருக்கும். துப்பாக்கி சுடாததால் அந்த எதிர்ப்புக்குத் தேதி இல்லை. தேதி இல்லாததால் நினைவு நாள் இல்லை. பெருங்காமநல்லூரில் 16 பெயரும் பொறித்த கல் தூண் இருக்கிறது. ஏப்ரல் 3 வந்தால் மாலை போடக் கட்சிகள் வரிசையில் நிற்கின்றன. ஓடிப்போன குறவர் ஒருவருக்கு எங்கே தூண் இருக்கிறது?

பெருங்காமநல்லூரைச் சாதிப் பெருமையின் கணக்கில் சேர்க்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. பிறப்பை வைத்து மனிதனைத் தரம் பிரிக்காதே என்று செத்தவர்களின் படத்தைப் பிடித்துக்கொண்டு, அதே ஊர்களில் பிறப்பை வைத்து இன்னொருவரைத் தெருவுக்குள் விடாமல் இருந்திருக்கிறோம். மாயக்காள் தண்ணீர்க் குடத்தோடு போனபோது அவர் எதை நினைத்துப் போனாரோ, நிச்சயமாக இதை நினைத்திருக்க மாட்டார்.

இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்த மனிதர் உசிலம்பட்டிக்காரர் இல்லை, கள்ளரும் இல்லை. செங்கன்னூரில் பிறந்த சிரியன் கிறிஸ்தவர், மதுரையில் தொழில் செய்த பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப். பஞ்சாலைத் தொழிலாளிகளுக்குச் சங்கம் கட்டியவர், வைக்கம் போராட்டத்தில் 1924-ல் ஜெயிலுக்குப் போனவர். ரேகைச் சட்டத்தில் மாட்டிய கள்ளர்களுக்காக அவர் வழக்காடினார், எழுதினார், பேசினார். சனங்கள் அவரை ரோசாப்பூ துரை என்று கூப்பிட்டார்கள், பிள்ளைகளுக்கும் ரோசாப்பூ என்று பேர் வைத்தார்கள். 1938-ல் மதுரையிலேயே இறந்தார். தனக்கு ஒரு ஓட்டோ ஒரு காணி நிலமோ கிடைக்காத இடத்தில், வேறு சாதி, வேறு மதம், வேறு மொழி பேசிய ஒருவர் வந்து நின்றார்.

1929-ல் ராமநாதபுரம் பக்கத்து ஆப்பநாட்டு மறவர்கள் மீதும் சட்டம் இறங்கியபோது முத்துராமலிங்கத் தேவர் ஊர் ஊராகப் போய் ரேகை வைக்காதீர்கள் என்றார். முப்பதுகளில் அது பெரிய இயக்கமானது. நடுவில் அரசும் கொஞ்சம் இறங்கி வந்து, கள்ளர் சீரமைப்பு என்று பள்ளிக்கூடம், கிணறு, கூட்டுறவுச் சங்கம் எல்லாம் தொடங்கியது. மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் இன்றும் நடக்கின்றன. நானும் அப்படி ஒரு பள்ளியில்தான் அ, ஆ எழுதினேன். 16 பேர் செத்த பிறகுதான் அரசுக்குப் பள்ளிக்கூடம் ஞாபகம் வந்தது என்பதை நான் மறக்கத் தயாராக இல்லை. அந்தப் பள்ளி இல்லையென்றால் இதை எழுதவும் முடிந்திருக்காது, அதுவும் உண்மை.

சென்னை மாகாணத்தில் 1947-ல் சட்டம் போனது. நாடு முழுக்க 1952 ஆகஸ்ட் 31-ல் போனது. ஆனால் 1948-லேயே சென்னையில் பழங்குற்றவாளிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்துவிட்டது, மற்ற மாநிலங்களிலும் அதே மாதிரி வந்தன. இனி சாதியைப் பார்க்க மாட்டோம், தனி ஆளின் பழைய தண்டனையைத்தான் பார்ப்போம் என்றார்கள். யாருக்குப் பழைய தண்டனை இருக்கும்? நாற்பது வருஷமாகச் சாவடியில் பேர் சொல்லத் தவறியதற்கு ஜெயிலுக்குப் போனவர்களுக்குத்தான். 2024 அக்டோபரில்தான் உச்ச நீதிமன்றம், சிறை விதிகளில் சீர்மரபினரை, அதாவது முன்பு குற்றப் பரம்பரை என்று அறிவிக்கப்பட்டிருந்தவர்களை, பிறவிக் குற்றவாளிகள் போல நடத்தும் பகுதிகள் செல்லாது என்று தீர்ப்புச் சொன்னது. அதுவரைக்கும் அவை புத்தகத்தில் இருந்தன. இன்றைக்கும் துப்புக் கிடைக்காத களவு வழக்கென்றால் குறவர் குடியிருப்புப் பக்கம் ஜீப் போவது நின்றபாடில்லை.

கள்ளர் நாட்டுக் கதையை எழுத ஆட்கள் இருக்கிறோம், படித்துவிட்டோம், எங்களுக்கு மேடையும் இருக்கிறது. அஜீஸ் நகரில் பிறந்து வளர்ந்த குடும்பங்களில் வயதானவர்கள் இன்னும் கொஞ்சம் பேராவது இருக்க வேண்டும். அந்த வேலிக்குள் காலை ஆஜர் எப்படி நடந்தது, யார் ஓடிப்போனார், எந்த ஊரில் போய் என்ன பேர் வைத்துக்கொண்டு பிழைத்தார் என்பதையெல்லாம் அவர்கள் வாயால் கேட்டுப் பதிந்து வைக்க வேண்டும். விருத்தாசலம், உளுந்தூர்ப்பேட்டைப் பக்கத்து நண்பர்கள் யாராவது ஏற்கெனவே இதைச் செய்துகொண்டிருந்தால் எழுதுங்கள். தட்டச்சு வேலையோ அலைகிற வேலையோ, நான் வருகிறேன்.